2,000 ரூபாயில் பிள்ளைகளுக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கலாம்?

கையில் 2,000 ரூபாய் இருக்கிறது, வீட்டில் 4 வயதிலிருந்து 12 வயதுக்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன கதைப் புத்தகம் வாங்குவது? ஜனவரியில் புத்தகக் காட்சி நெருங்கும்போதும் ஏப்ரலில் பரீட்சை முடியும்போதும் இந்தக் கேள்வியோடு யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மன்றத்து மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எல்லாம் தெரியாது. எந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கிறார்கள், எது ஒரு தடவையோடு மூலைக்குப் போகிறது என்பதை மட்டும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னட்டையில் ‘4 முதல் 6 வயது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மெட்ரிகுலேஷன் பள்ளியில் 4-ம் வகுப்புப் படிக்கிற பையன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அதே தெருவில் மாநகராட்சிப் பள்ளியில் 2-ம் வகுப்புப் படிக்கிற பெண் கடகடவென்று வாசித்துவிட்டு அடுத்த புத்தகம் எங்கே என்பாள். ஒன்பது வயது ஆகிவிட்டதே என்று அவனுக்கு 80 பக்க நாவல் வாங்கினால் காசு வீண். வாசிக்க வரவில்லையே என்று குட்டிப் பாப்பா புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மானம் போய்விட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவான்.

அதனால் என் கணக்கு வேறு. இந்தப் புத்தகத்தை யார் வாசிக்கப் போகிறார்கள்? அம்மா வாசித்துக் காட்டுவாரா, பெரிய அக்காவா? எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, அதாவது பாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாரா? பிள்ளை தானே வாசிக்குமா, இல்லை பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களா? இது முடிவானால் எந்த வகை வாங்குவது என்பது கிட்டத்தட்ட முடிவான மாதிரிதான்.

படப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பணம் அதிகம் போவதும் அங்கேதான், குழப்பம் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

சென்னையிலேயே இரண்டு நல்ல பதிப்பகங்கள் இருக்கின்றன: 1994-ல் ஆரம்பித்த தாரா புக்ஸ், 1996-ல் ஆரம்பித்த தூலிகா. பழங்குடி ஓவியர்களின் படங்களை, கையால் செய்த தாளில், ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டுத் தைத்த புத்தகங்கள் தாராவின் அடையாளம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அந்தக் கையச்சுப் புத்தகங்களின் விலை ஆயிரத்தைத் தொடும். வடை எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்டுகிற கூட்டத்துக்கு நடுவே அதை வைக்க எனக்கு மனசு வராது. கல்யாண வீட்டுக்குப் பரிசாகக் கொடுங்கள். தூலிகா அன்றாடப் புழக்கத்துக்கு ஏற்றது. ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறார்கள். தமிழில் மட்டும் இருப்பதும் உண்டு, ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதும் உண்டு. படங்கள் நம் ஊர் மனிதர்களின் முகத்தோடு இருக்கும். விலை 200 ரூபாயை ஒட்டி வரும்.

அதற்கு எதிர்ப்பக்கம், மலிவு விலையில் இரண்டு பேர். 1957-ல் அரசு ஆரம்பித்த நேஷனல் புக் டிரஸ்ட், 2004-ல் லாப நோக்கமில்லாமல் ஆரம்பித்த பிரதம் புக்ஸ். இவர்களுடைய படப் புத்தகங்களில் பெரும்பாலானவை 100 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். நேஷனல் புக் டிரஸ்டில் படங்களின் தரம் புத்தகத்துக்குப் புத்தகம் ஏறி இறங்கும்; சிலவற்றில் மொழிபெயர்ப்பு பாடப்புத்தகம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பிரதமில் வாக்கியங்கள் சின்னவை, பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பவை. வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது பிரதம் புத்தகங்களைத்தான்.

ஒரு 200 ரூபாய்ப் புத்தகமா, இரண்டு மூன்று மலிவுப் புத்தகங்களா? மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு வாசிக்கிறவருக்கு விலை அதிகமான புத்தகம் வீண்செலவே இல்லை. நல்ல படம் உள்ள ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தினமும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் மூலையில் ஒளிந்திருக்கும் பூனையையோ மாறிப்போன சட்டையையோ புதிதாகக் கண்டுபிடிக்கும். பத்துப் பேருக்கு வாசிக்கிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை விரித்துப் பிடித்தால் ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் படம் தெரிகிறதா? உள்ளங்கை அளவுப் புத்தகம் எத்தனை நன்றாக இருந்தாலும் கூட்டத்துக்கு உதவாது. பின்வரிசை எழுந்து முன்னால் வரும், முன்வரிசை அடிக்கும், கதை அதோடு முடிந்தது.

இன்னொரு விஷயம், கடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. மலிவுப் புத்தகங்கள் நடுவில் இரண்டு பின் அடித்து வருகின்றன. ராயபுரம், காசிமேடு உப்புக் காற்றில் அந்தப் பின் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். தாளில் பழுப்புக் கறை ஏறும், நடுத்தாள் கழன்று விழும், கதையின் நடுப்பகுதி காணாமல் போகும். வாங்கி வந்த அன்றைக்கே பின்னைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் கெட்டி நூலைக் கோத்து மூன்று தையல் போட்டுவிடுங்கள். மெத்தை தைக்கிற நூல் இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. நடுப்பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கினால் வைத்துவிடுங்கள். எழுத்து கரும்பச்சைக் காட்டுக்கு மேலேயோ இரவு வானத்துக்கு மேலேயோ அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் படிக்க முடியாது. வரிக் கடைசியையும் பாருங்கள். பெரியவர்களுக்கான புத்தகத்தில் ஒரு சொல் வரி முடிவில் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால் நமக்கு உறைக்காது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளை அங்கேதான் விழும். ‘வந்துகொண்’ வரை படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். வரிக்கு வரி சொற்களை முழுசாக நிறுத்தி அச்சிட்ட புத்தகம் என்றால் அதைப் போட்டவர் பிள்ளைகளைக் கொஞ்சம் தெரிந்தவர் என்று அர்த்தம். கடைசியாக, ஓவியர் பெயர் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்த ஓவியர் பெயர் விஷயம் ஒன்றே போதும், பாதிக் குப்பையைத் தள்ளிவிடலாம். ஃபேன்ஸி ஸ்டோரிலும் பேருந்து நிலையத்திலும் பளபள அட்டையோடு தொங்குகிற நீதிக் கதைப் புத்தகங்களைச் சொல்கிறேன். அதே சிங்கமும் முயலும், அதே காகமும் நரியும். எழுதியவர் பெயர் இருக்காது, வரைந்தவர் பெயர் இருக்காது. ஒரு பக்கத்தில் நரி ஆரஞ்சு நிறம், அடுத்த பக்கத்தில் சாம்பல் நிறம். ஒற்றுப்பிழை இல்லாத பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் கட்டம் கட்டி ஒரு நீதி. 30 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று ஐந்தாறு வாங்குகிறார்கள். அந்தக் காசில் இரண்டு உருப்படியான புத்தகம் வரும். பஞ்சதந்திரமும் தெனாலிராமனும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றை வாயால் சொல்லுங்கள். நம் வீட்டு ஆயாக்கள் அந்த அட்டைப் புத்தகத்தை விடப் பல மடங்கு நன்றாகவே சொல்வார்கள்.

இருமொழிப் புத்தகமா, தமிழ் மட்டுமா, ஆங்கிலமா என்பதுதான் பெற்றோர் அதிகம் திண்டாடும் இடம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டாள்:

“அக்கா, அவ்ளோ ஃபீஸ் கட்டி இங்கிலீஷ் மீடியத்துல போட்ருக்கோம். கதை புக்கும் இங்கிலீஷ்லயே வாங்கிட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்ல?”

“நீ படிச்சிக் காட்டுவியாம்மா?”

“எனக்கு எங்கக்கா வரும்? அவளே படிச்சிப்பா.”

“அவ எத்தினியாவது?”

“யூகேஜி.”

யூகேஜி பிள்ளை தானே ஆங்கிலக் கதை படிக்கப் போவதில்லை. வீட்டில் வாசித்துக் காட்டவும் ஆளில்லை. அந்தப் புத்தகம் டிவி ஸ்டாண்டில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வீட்டில் அம்மாவுக்கு வாய்க்கு வருகிற மொழியில் புத்தகம் இருந்தால்தான் அது திறக்கப்படும். அவளுக்கு நான் தமிழில் நான்கும் இருமொழியில் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். இருமொழிப் புத்தகம் எனக்குப் பிடிக்காது என்றில்லை. அம்மா தமிழ் வரியையும் கொஞ்சம் பெரிய பிள்ளை ஆங்கில வரியையும் மாற்றி மாற்றிப் படிக்கிற வீட்டில் அது நன்றாக ஓடும். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு மொழி என்றால் படத்துக்கு இடம் குறையும். தமிழில் தடுமாறுகிற பிள்ளையின் கண், சுலபமான மொழிக்குத் தாவிவிடும். தமிழ் வாசிக்கப் பழக்கத்தான் வாங்குகிறோம் என்றால் தமிழ் மட்டும் இருப்பதே நல்லது.

ஆங்கிலத்தில் பழைய புத்தகமாக வாங்கலாமா? மூர் மார்க்கெட் கட்டடம் 1985-ல் எரிந்துபோனாலும் பழைய புத்தகம் என்றால் இன்றைக்கும் நம் பக்கத்தில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். இப்போது கிலோ கணக்கில் எடை போட்டு விற்கிற கடைகளும் அவ்வப்போது முளைக்கின்றன. வெளிநாட்டுப் படப் புத்தகங்கள், கெட்டி அட்டை, அருமையான ஓவியம், புது விலையில் கால்வாசி. படத்துக்காக வாங்குங்கள், கதையைத் தமிழில் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பனி மனிதனும் கரடியும் வந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஐஸ் பெட்டியில் கைவிட்ட அனுபவத்தை வைத்து அவர்களே புரிந்துகொள்வார்கள். கிழிந்த பக்கம் இருக்கிறதா, கடைசித் தாள் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

படங்களைப் பற்றி என் நெடுநாள் குறை ஒன்று. தமிழ்ப் படப் புத்தகங்களின் உலகம் பெரும்பாலும் வயல், ஆறு, சேவல், மலை. ஹவுசிங் போர்டு மாடிப்படி, தண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கிற குடம், ரயில்வே கேட், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி இதெல்லாம் தேடினால்தான் கிடைக்கும். ஒருநாள் மீனவர் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் கையை நீட்டிப் படத்தைத் தன் பக்கம் திருப்பினான். “இன்னாக்கா, போட்டுல இஞ்சினும் இல்ல, ஐஸும் இல்ல. வலைய வேற கரையில வுட்டுட்டுப் போறான். இவன் எப்டி மீன் புடிப்பான்?” அப்புறம் கதையை யார் கேட்டார்கள்? எந்த மீனுக்கு எந்த வலை, நெத்திலிக்கு என்ன கண்ணி, வஞ்சிரத்துக்கு என்ன கண்ணி என்று மன்றத்து மாடியே கடலாகிவிட்டது. அன்றிலிருந்து புத்தகம் எடுக்கும்போது நகரத்துப் படம் உள்ளதாக ஒன்றிரண்டைத் தேடிச் சேர்க்கிறேன். படத்தில் தப்பு இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்த இடமாக இருந்தால் சண்டை போடவாவது செய்வார்கள்.

எழுத்தே இல்லாத படப் புத்தகங்களைப் பெற்றோர் யாரும் கேட்டு வாங்குவதில்லை. “எழுத்தே இல்ல, இதுக்கு எதுக்குக் காசு?” என்பார்கள். அம்மா அப்பா இரண்டு பேரும் வேலையிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிற வீடுகளில், பிள்ளை ஆயாவோடு இருக்கிற வீடுகளில், நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆயாவுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம். படத்தைப் பார்த்து அவர் ஒரு கதை சொல்வார், பிள்ளை அதை மறுத்து வேறு ஒன்று சொல்லும். மறுநாள் கதை வேறு மாதிரி இருக்கும்.

இனி, காசே கொடுக்காமல் கிடைப்பவை. பிரதம் புக்ஸ் 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற தளத்தை ஆரம்பித்தது. தமிழிலும் ஏராளமான படக் கதைகள் அங்கே இலவசம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, நான்காவது நிலை நீளமான கதை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியென்றால் 2,000 ரூபாய் எதற்கு? அச்சடித்துப் பார்த்தால் தெரியும். 16 பக்கக் கதையை ஒரு ஏ4 பக்கத்தில் இரண்டிரண்டாகப் போட்டாலும் எட்டுப் பக்கம் வரும். கலர் பிரிண்ட் பக்கத்துக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 80 ரூபாய். மெல்லிய தாள், இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். அதே விலைக்குக் கெட்டித் தாளில் அச்சான பிரதம் புத்தகமே கிடைக்கும். போனில் காட்டலாம் என்றால் ஒரு பிள்ளைக்குச் சரி. நடுவில் ஒரு வாட்ஸப் செய்தி வந்து விழுந்தால் அதோடு சரி. ஆறு பேருக்குப் போன் திரை போதாது. நான் இதை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறேன். கோட்டோவியமாக இருக்கிற கதைகளைத் தேடி எடுத்துக் கறுப்பு வெள்ளையில் அடித்துவிடுவேன். செலவு பத்திருபது ரூபாய். பிள்ளைகள் வாசித்துவிட்டு வண்ணம் தீட்டுவார்கள், பெயர் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கடையில் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கவும் அந்தத் தளம் நல்லது.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வாசிப்பு இயக்கம் என்று ஆரம்பித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. வகுப்பு எண் கிடையாது, வயது கிடையாது, வாசிக்கிற திறன் மட்டும்தான் கணக்கு. 6-ம் வகுப்புப் பையன் ‘நுழை’ புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது ஒன்றாம் வகுப்புப் புத்தகம் என்று யாரும் சிரிக்க முடியாது. அட்டையில் வயதைப் போடுகிற பதிப்பாளர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். புத்தகம் சிறியது, அதனால் கூட்டத்துக்கு வாசிக்க ஆகாது. தனியாக உட்கார்ந்து வாசிக்க ரொம்ப நல்லது. 4, 5-ம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ என்று இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன. உங்கள் பிள்ளை கையில் அவை வரவில்லை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் அலமாரி திறக்கும்.

நூலகத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், ஆகவே கிளை நூலகத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை. பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு போகலாம். சின்ன வைப்புத் தொகையில் உறுப்பினராகிவிடலாம். ஆனால் நம் பக்கத்துக் கிளை நூலகங்களில் இப்போது டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை சத்தமாகச் சிரித்தால் நான்கு தலை திரும்பும். அங்கே உட்கார வைக்காதீர்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கதைப் புத்தகம், நாவல் எல்லாம் நூலகத்தில் எடுக்கலாம். நல்ல நிலையில் உள்ள படப் புத்தகம் கிளைகளில் அரிது. அதனால் கைக்காசைப் படப் புத்தகத்தில் போட்டு, நாவலை நூலகத்தில் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு அருமையாக இருக்கும். திருவொற்றியூரிலிருந்து போய்வர அரை நாள் போய்விடும், விடுமுறையில் ஒரு தடவை கூட்டிப் போங்கள்.

நாவல் வாங்கத்தான் வேண்டும் என்றால், பிள்ளை தானே சரளமாக வாசிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். அப்படி வாசித்துக் காட்டுவதற்கு என் முதல் தேர்வு ‘டோட்டோ-சான்’. ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் வெளிவந்த புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி போய்ச் சேருகிற புதுப் பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். பெரம்பூர், அயனாவரம் பிள்ளைகளிடம் இந்த இடத்தை வாசித்துப் பாருங்கள். ஐ.சி.எஃப்-பில் 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிறார்கள், வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில் இருப்பார். ‘எங்க தாத்தா செஞ்ச பெட்டியா இருக்குமா?’ என்று கேட்பார்கள். அத்தியாயங்கள் குட்டி, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், நடுவில் நாலு நாள் விட்டாலும் இழை அறுந்துபோகாது. ஒரு நண்பனின் சாவும் கடைசியில் போரில் பள்ளி எரிவதும் வருகின்றன. அந்தப் பக்கங்களைப் பிள்ளை தனியாகப் படிக்க விடாமல் கூட உட்காருங்கள்.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றில் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ல் சிறார் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருதான பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல் பேசுகிறது. பெரியவர்கள் முதலில் படித்துவிடுங்கள், ஏனென்றால் பிள்ளை படித்துவிட்டு உங்களிடம் ஏதாவது கேட்கும், இல்லை ஏதாவது சொல்லும். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். 2023-ல் அதே விருது வாங்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்து எழுதியது. 6-ம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். இந்த மாதிரிச் சிறார் நாவல்களை வானம் பதிப்பகமும், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரனும் தொடர்ந்து போடுகிறார்கள். பக்கம் குறைவு, விலையும் கட்டுப்படியாகும்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இரண்டு புத்தகங்களும் உண்டு, இரண்டுமே நல்ல புத்தகங்கள். க்ரியா போட்ட ‘குட்டி இளவரசன்’: படம் இருக்கிறது, பெயரில் குட்டி இருக்கிறது என்று எட்டு வயதுக்கு வாங்குகிறார்கள். அந்தப் பாம்பும் ரோஜாவும் பதின்மூன்று பதினாலு வயதில்தான் ஒட்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’: மெல்லிய புத்தகம், குறைந்த விலை, போட்டிகளில் பரிசாகக் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்கிற ஒரு மாணவி கடைசியில் இறந்துபோகிற கதை அது. டீச்சர்களும் பெற்றோரும் படிக்க வேண்டியது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது இல்லை.

காமிக்ஸ் பற்றி ஒரு வரி. சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸை அப்பாக்கள் தங்களுக்காக வாங்கிப் பிள்ளை பெயரைச் சொல்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் எழுத்து பொடிசு, பத்து வயதுக்கு மேல்தான். பத்திரிகை என்றால் கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் நின்றுபோன பிறகு கையில் பிடித்துப் படிக்க அதிகமில்லை. அறிவியல் பிடித்த பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இருக்கிறது, சந்தா கட்டலாம்.

சரி, 2,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? ஒரே பிள்ளை, அம்மாவோ அப்பாவோ தமிழ் நன்றாக வாசிப்பார்கள் என்றால் நான் 600 ரூபாய்க்கு மூன்று நல்ல படப் புத்தகம், 700 ரூபாய்க்கு மலிவு விலையில் எட்டு ஒன்பது, மிச்சத்தில் வாசித்துக் காட்ட ஒரு நாவல், பழைய கடையில் நான்கைந்து ஆங்கிலப் படப் புத்தகம் என்று போவேன். வாசித்துக் காட்ட ஆளில்லாத வீடு என்றால் நாவலை மறந்துவிட்டு எழுத்தில்லாத புத்தகங்களையும், பக்கத்துக்கு ஒரு வரி உள்ளவற்றையும் எடுப்பேன். அந்த வீட்டுக்கு இருமொழி ஒன்றும் சேர்க்கலாம், மாமா பையனோ பக்கத்து வீட்டு அக்காவோ வரும்போது உதவும்.

தெருவுக்கோ மன்றத்துக்கோ வாங்குகிறவர்கள் என் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். நிறையத் தலைப்பு வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பெரிய அளவுப் படப் புத்தகம் ஐந்து வாங்குங்கள். மீதிப் பணத்தில் ஒரே மலிவுப் புத்தகத்தை மூன்று மூன்று பிரதியாக வாங்குங்கள். நான் பெரிய புத்தகத்தை வாசித்து முடித்ததும் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேராகப் பிரிந்து, ஒரே கதையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் வரியைத் தொடருவார்கள். வாசிக்க வராத பிள்ளை வருகிற பிள்ளையிடம் கற்றுக்கொள்வது அந்த நேரத்தில்தான். ஒரே ஒரு பிரதி இருந்தால் அது பலசாலியின் கையில்தான் இருக்கும்.

வாங்குகிற இடம்: புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977-லிருந்து நடத்துகிற சென்னைப் புத்தகக் காட்சி, ஜனவரியில், பொங்கலை ஒட்டி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் நமக்கு ரொம்ப வசதி; விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகிற மெட்ரோவில் திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் நந்தனத்தில் இறங்கி நடந்துவிடலாம். 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் நாட்களும் வேண்டாம், கடைக்குள் நின்று வாய்விட்டு வாசித்துப் பார்க்க இடமே இருக்காது. வார நாள் மதியம் போனால் கடைக்காரரே உட்கார நாற்காலி கொடுப்பார். ஜனவரி தவறிப்போனால் பதிப்பகங்களுக்குப் போன் போட்டுச் சொன்னாலே கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் தபால் செலவு பிரிந்துவிடும், பேசினால் தள்ளுபடியும் கிடைக்கும்.